நீரோட்டத்தின் ஓரங்கள்

1768ஆம் ஆண்டில், அமெரிக்கக் குடியேற்றங்களின் தபால் நிர்வாகத்தில் பொறுப்பு வகித்து லண்டனில் வசித்துவந்த பெஞ்சமின் பிராங்க்லினின் கவனத்துக்கு ஒரு விசித்திரமான புகார் வந்தது. பால்மவுத் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்குத் தபால் சுமந்து செல்லும் அரசாங்கக் கப்பல்கள், லண்டனிலிருந்து புறப்பட்டு ரோட் தீவுக்குப் போகும் வர்த்தகக் கப்பல்களைக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டு வாரம் தாமதமாகவே போய்ச் சேருகின்றன என்பதே அது.

திமிங்கில வேட்டையையே ஜீவனோபாயமாகக் கொண்ட நாண்டுக்கெட் தீவைச் சேர்ந்தவரும், பிராங்க்லினுக்குத் தாய்வழி உறவினருமான டிமதி போல்ஜர் என்ற கப்பல் தலைவர் அச்சமயம் லண்டனில் இருந்தார். திமிங்கிலங்கள் வளைகுடா நீரோட்டத்தின் இரு ஓரங்களிலும் தென்படுமேயன்றி நடுவே அகப்படுவதில்லை என்றும், ஆகையால் ஓரத்தை ஒட்டியே பாய் விரித்தோடி, பக்கம் மாறும் பொருட்டு மட்டும் குறுக்கே கடக்கும் வேட்டைக்காரர்கள், மணிக்கு மூன்று மைல் வேகமுள்ள அப்பிரவாகத்தை எதிர்த்து நடுவில் திணறும் தபால் கப்பல்களைக் கண்டு, விலகிப் போகுமாறு எச்சரித்தும் அவற்றின் தலைவர்கள் செவிசாய்க்கவில்லை என்றும் அவர் விளக்கினார்.

போல்ஜர் கூட்டத்தார் அனுபவத்தால் கண்டதற்குப் பின்வந்த கடலாராய்ச்சி காரணம் காட்டியிருக்கிறது. புளோரிடாவை ஒட்டி வடக்கே விரையும் அவ்வெந்நீர், கண்ணுக்கு நீலமாய்த் தெளிந்திருப்பினும், நுண்ணுயிர்களுக்கு வேண்டிய சத்துக்களில் வறியது. அதன் வடபுறத்துக் குளிர்ந்த நீரோ வளமிக்கது. இவ்விரண்டும் உராயும் எல்லையில் சுழிகள் பிறந்து, ஆழத்துச் சத்துக்கள் மேலேறி, மிதவையுயிர்கள் பெருகி, அவற்றை உண்ணும் சிறு பிராணிகளும், அவற்றைத் தொடர்ந்து கணவாய்களும் திரள, அக்கணவாய்களைத் தேடி ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கவல்ல ஸ்பெர்ம் திமிங்கிலம் அங்கே வந்து சேர்கிறது. பிரவாகம் கரையை நெருங்கினாலும் விலகினாலும் இரையின் இடம் மாறுகிறது. திமிங்கிலமும் உடன் மாறுகிறது.

போல்ஜர் குறித்துக் கொடுத்த பிரவாகத்தின் போக்கைப் பிராங்க்லின் படமாக அச்சிட்டுப் பால்மவுத்துக்கு அனுப்பினார். தபால் கப்பல் தலைவர்கள் அதையும் பொருட்படுத்தவில்லை. அவர் மட்டும் தளரவில்லை. 1775இல் தாயகம் திரும்பும் வழியில் கடல்நீரில் வெப்பமானியைத் தோய்த்துப் பார்த்தார். பிரவாகத்தினுள் நீர் சூடாயிருப்பதையும், பாசி மிதப்பதையும், இரவில் அந்நீர் சுடர்விடாதிருப்பதையும் மாலுமிகளுக்கு அடையாளமாகப் பிற்பாடு எழுதிவைத்தார்.

விஞ்ஞானத்துக்கு இத்தகைய உபகாரம் செய்த வேட்டைக்காரர்களை நாம் நன்றியோடு நினைப்பது நியாயமே. ஆயினும் அவர்தம் அறிவே திமிங்கிலங்களின் நாசத்துக்கும் வழிகாட்டிற்று என்பதை மறைப்பது தகாது. வேட்டைக் கப்பல்களின் நாட்குறிப்புகளை ஆராய்ந்து, எந்தக் கடலில் எந்தத் திமிங்கிலம் கிடைக்கும் என்று காட்டும் படத்தை 1851இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாரி வெளியிட்டார். போல்ஜரின் ஆதிப் படமோ நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாதிருந்து, பாரிஸ் நகரத்துத் தேசிய நூலகத்தில் அதன் பிரதிகள் கிடைத்த செய்தி 1980இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.