17 ஆம் கால் எங்கே போனது?

2024 இல் ராஸ்பெரி பை 4 வைத்திருந்த கனபேருக்கு ஒரு சின்ன அதிர்ச்சி. இயங்குதளத்தை அப்டேட் பண்ணினார்கள். அதுவரை ஒழுங்காக விளக்கு எரித்துக்கொண்டிருந்த பழைய ஸ்கிரிப்ட் திடீரென்று 17 ஆம் இலக்கக் கால் இல்லை என்றது. பலகையில் கால் அப்படியே இருக்கிறது, வயரும் கழரவில்லை. லினக்ஸ் கேர்னலின் 6.6 ஆம் பதிப்பு அந்தக் காலை 529 என்று கூப்பிடத் தொடங்கியிருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

சிப்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பின்களைத்தான் கால் என்கிறேன். அவற்றில் சிலதை மென்பொருள் தன் இஷ்டத்துக்கு ஏற்றலாம், இறக்கலாம். ஒரு விளக்கைப் போடுவது, ஒரு வைஃபை அட்டையை ரீசெட் பண்ணுவது எல்லாம் இவற்றால்தான். எந்தக் கால் எது என்று கேர்னல் எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறது? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கலைப்பீடத்தில் இருந்துகொண்டு உனக்கேன் இந்த வேலை என்று கேட்பீர்கள். கேர்னலின் ஒவ்வொரு மாற்றத்தோடும் யார் எழுதினார், ஏன் எழுதினார் என்ற குறிப்பு சேர்ந்தே கிடக்கிறது. பல இடங்களில் யார் பார்த்து ஒப்புக்கொண்டார் என்பதும் இருக்கும். வரலாறு படிக்கிற ஆளுக்கு இது பெரிய புதையல்.

தொடக்கத்தில் எல்லாம் இலக்கம்தான். 2007 இல் 2.6.21 பதிப்போடு டேவிட் பிரவுனெல் கொண்டுவந்த முறையில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு முழு எண். அந்தக் காலத்துக்கு அது நல்ல ஏற்பாடு. அதற்கு முன் ஒவ்வொரு சிப் குடும்பமும் தன் பாட்டில் ஒரு வழி வைத்திருந்தது. ஆனால் இலக்கத்துக்கு என்று ஒரு முகம் இல்லை. இன்னொரு சிப்பைப் பலகையில் சேர்த்தால் எண்கள் நகரலாம். 17 என்றால் எந்தச் சிப்பின் 17 என்று அந்த எண்ணைப் பார்த்து ஒருத்தராலும் சொல்ல முடியாது.

பிறகு ஆர்ம் சிப்களில் ஓடுகிற போன்களும் பலகைகளும் பெருகின. ஒவ்வொரு பலகைக்கும் எந்தக் கால் எங்கே போகிறது என்று கேர்னலுக்குள்ளேயே ஒரு கோப்பு. 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் குவியலைப் பார்த்துப் பகிரங்கமாகவே கொதித்தார். அதற்குப் பிறகுதான் ஆர்ம் உலகம் டிவைஸ் ட்ரீ பக்கம் வேகமாகப் போனது. பலகையின் விவரணம் கோடுக்கு வெளியே, ஒரு தனித் தரவாக இருக்கும். 2014 ஜனவரியில் வந்த 3.13 பதிப்பில் அலெக்ஸாந்த்ர் கூர்போவின் வேலையால் இலக்கத்தின் இடத்துக்குப் பெயர் வந்தது. இனி ட்ரைவர் “17 ஐத் தா” என்று கேட்க வேண்டியதில்லை, “என்னுடைய ரீசெட் காலைத் தா” என்று கேட்கலாம். கேர்னல் டிவைஸ் ட்ரீயில் “ரீசெட்-ஜிபிஐஓஸ்” என்ற வரியைத் தேடும். இல்லாவிட்டால் “ஸ்” இல்லாத பழைய வடிவத்தையும் தேடிப் பார்க்கும்.

இந்தத் தேடலில் கைவைக்கிற ஒரு மாற்றத்தை ரிவியூ பண்ணுகிறவருக்குத் தலையிடி இங்கேதான் தொடங்குகிறது. தேடலுக்கு மூன்று விதமான பதில் உண்டு: கிடைத்தது, அப்படி ஒன்று இல்லை, பொறு பிறகு வா. மூன்றாவது எதற்கென்றால், அந்தக் காலை வைத்திருக்கிற சிப்பின் ட்ரைவர் இன்னும் எழும்பாமல் இருக்கலாம். யாராவது கோடைத் துப்புரவாக்கப் போய் “பொறு” என்பதை “இல்லை” என்று மாற்றிவிட்டால், ரீசெட் கால் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதப்பட்ட ட்ரைவர் அது இல்லாமலே தொடங்கிவிடும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. கருவி மட்டும் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது.

எனக்குப் பிடித்த உதாரணம் லான்டிக் சிப் போட்ட ரவுட்டர்கள். பிசிஐ விதிப்படி ரீசெட் கால் தாழ்ந்தால்தான் ரீசெட். ஆனால் ஓபன் டபிள்யூ.ஆர்.டி. திட்டத்தில் வருடக்கணக்காகப் புழங்கிய டிவைஸ் ட்ரீக்கள் பல, உயர்ந்தால் ரீசெட் என்று எழுதி வைத்திருந்தன. பழைய ட்ரைவர் அதை உள்ளுக்குள் சமாளித்துக்கொண்டது. ட்ரைவரைப் புதிய முறைக்கு மாற்றியபோது சமாளிப்பு போய்விட்டது, காலின் திசை தலைகீழாகிவிட்டது. அப்படியானால் அட்டை ரீசெட்டிலேயே கிடக்கும். எழுதியவரின் புத்தகப்படி அவர் சரி. வீட்டில் இன்டர்நெட் போன ஆளுக்கு அந்தப் புத்தகத்தால் என்ன பயன்?

2024 நடுப்பகுதியில் திருத்தங்கள் வந்தன. தேடல் கோடில் இந்தச் சிப்புக்கென்று முன்பே ஒரு விதிவிலக்கு எழுதியிருந்தார்கள். அதற்குள்ளேயே இரண்டு பிழை. பழைய பெயர் “ஜிபிஐஓ-ரீசெட்”, ஆனால் “ஜிபிஐஓஸ்-ரீசெட்” என்று எழுதப்பட்டிருந்தது. விதிவிலக்கை எப்போது சேர்ப்பது என்ற நிபந்தனையும் தலைகீழ்: அந்த ட்ரைவர் கேர்னலில் இல்லாதபோதுதான் அது சேரும்! ரிவியூ தாண்டி வந்த கோட் இது. சிரிப்பு வந்தாலும் நானும் அதைக் கடந்துதான் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கிற வரிகளில் ஓர் எழுத்து யாருக்குக் கண்ணில் படும்?

சரி, ஏற்கெனவே ரவுட்டர்களில் கிடக்கிற பிழையான விவரணங்களை என்ன செய்வது? இங்கே பழைய பெயரின் கோணல் கைகொடுத்தது. பழைய காணி உறுதியை அதன் எழுத்து நடையை வைத்தே இன்ன காலத்தது என்று சொல்வார்கள்தானே, அதே மாதிரி. “ஜிபிஐஓ-ரீசெட்” என்று முன்பின்னாக எழுதியிருந்தால் அது பழைய ஆவணம். அதில் உயர்வு என்று இருந்தாலும் கேர்னல் தாழ்வு என்றே எடுத்துக்கொள்ளும். “ரீசெட்-ஜிபிஐஓஸ்” என்று ஒழுங்காக எழுதியிருந்தால், எழுதியவர் சொன்ன திசையை அப்படியே நம்பும்.