மடுவைக் காத்தது யார்?
தஹான் ஆற்றுக் கெலா மீனின் வரலாறு

மீன் பிடிக்கத் தெரியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் நைலான் நூல், ஒரு முள், பால் டின்னில் நாலு மண்புழு. மூலதனம் இவ்வளவுதான். செம்பனைக் காட்டு வாய்க்கால் ஓரம் அரை நாள் குந்தினால் விராலோ கெளுத்தியோ மாட்டிக்கொள்ளும். அதைத் தூக்கிக்கொண்டு லயத்துப் பக்கம் வரும் பையனிடம், “எந்த இடத்துலடா புடிச்சே?” என்று கேட்டுப் பாருங்கள். “அந்தப் பக்கந்தான்!” என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். இடத்தை மட்டும் சொல்லவே மாட்டான்.

நல்ல மீன் இருக்கும் இடம் நாலு பேருக்குத் தெரிந்தால் அங்கே மீன் இருக்காது என்பது அவன் யாரிடமும் படிக்காமலே தெரிந்துகொண்ட பாடம். இந்தச் சின்னப் பாடத்துக்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. பண்டமாரான் வட்டாரத்துப் பிள்ளைகளும் பெற்றோர்களும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கெலா என்னும் மீன்

நம் தீபகற்பத்தின் நடுவில் பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களும் கூடுகிற இடத்தில் தாமான் நெகாரா என்னும் பெருங்காடு இருக்கிறது. பரப்பளவு 4,343 சதுர கிலோமீட்டர். அதற்குள்ளே, 2,187 மீட்டர் உயரமுள்ள குனோங் தஹான் மலையின் பக்கத்திலிருந்து இறங்கி வருகிறது தஹான் ஆறு. அது தெம்பிலிங் ஆற்றோடு சேரும் இடம் கோலா தஹான். தெம்பிலிங் இன்னும் கீழே போய் ஜெலாய் ஆற்றோடு கலந்து பகாங் ஆறாகிறது. மலாய்மொழியில் ‘கோலா’ என்றால் ஆற்றின் வாய். ‘லுபுக்’ என்றால் ஆற்றில் ஆழமாகக் குழிந்து தண்ணீர் தேங்கிச் சுழலும் இடம். நாம் மடு என்போமே, அதுதான்.

இந்த மடுக்களில் வாழும் மீன்தான் கெலா. பெரிய பெரிய செதில், தடித்த உதடு, செம்பொன் நிறம். காவிரியிலும் பவானியிலும் பூமீன் கெண்டை என்று சொல்கிறார்களே, அதற்கு இது பங்காளி முறை. ஓடுகிற தெளிந்த தண்ணீரும் கூழாங்கல் தரையும் இதற்கு வேண்டும். சேறு கலந்தால் ஆகாது. வளர்வதோ மிக மெதுவாக. கரையிலிருந்து ஆற்றின்மேல் சாய்ந்து நிற்கும் நெராம் மரத்துக் காயும், காட்டு அத்திப் பழமும் ‘தொப்’பென்று விழும்போது மேலே வந்து கவ்விக்கொள்ளும். கரையில் மரம் இருந்தால்தான் ஆற்றில் மீன் என்பதை இந்த மீனைப் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம்.

இதில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கெலா பிடிக்கப் போகிறவர்கள் தூண்டிலில் கோத்துப் போடும் இரைகளில் பேர்பெற்றது செம்பனைப் பழம். நம் ஆட்கள் குலைவெட்டி, உதிரி பொறுக்கிச் சேர்க்கும் அதே பழந்தான்!

படகு போன வழி

பழைய நாளில் இந்த மடுக்களுக்குப் போவது லேசான காரியமா? கோலா தெம்பிலிங் படகுத்துறையிலிருந்து கோலா தஹானுக்கு ஆற்றுவழி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இன்று இயந்திரப் படகில் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். அன்றைக்கு நீண்ட மரப்படகில் கழி ஊன்றி, நீரோட்டத்தை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தஹான் ஆற்றில் திரும்பிவிட்டால் இன்னும் கஷ்டம். தண்ணீர் தேயிலைச் சாயம் போலிருக்கும். இரண்டு கரை மரங்களும் மேலே கைகோத்துப் பந்தல் போட்டிருக்கும். பாறைமேல் தண்ணீர் சீறி விழும் இடங்களை மலாய்க்காரர்கள் ‘ஜெராம்’ என்பார்கள். அங்கெல்லாம் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று படகை இழுக்க வேண்டும். அப்படிப் போனால் லாத்தா பெர்க்கோ என்னும் பாறை அருவி. அதன் காலடியில் ஒரு பெரிய மடு.

1891-ஆம் ஆண்டு மூன்று வெள்ளைக்காரர்கள் பகாங், தெம்பிலிங், தஹான் ஆறுகள் வழியாக குனோங் தஹானை அடைய முயன்றார்கள். அவர்களில் ஒருவர் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் தலைவர் ஹென்றி ரிட்லி. மலாயாவில் ரப்பர் மரம் வேரூன்ற ஓயாது பாடுபட்ட அதே ரிட்லிதான். நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்து பால் வெட்டியதற்கு அவரும் ஒரு காரணம். அந்தப் பயணத்தில் அவர்களால் சிகரத்தை எட்ட முடியவில்லை. 1905-இல் ஹெர்பர்ட் ராபின்சன் நடத்திய ஆய்வுப் பயணத்தில்தான் சிகரம் எட்டப்பட்டது. அப்போது முதலில் உச்சியை மிதித்தவர்கள் துரைமார் அல்லர். உடன் சென்ற மலாய்க்காரர்களே.

இதை நாம் கவனிக்க வேண்டும். ‘கண்டுபிடித்தார்’ என்று புத்தகத்தில் ஒருவர் பெயர் இருக்கும். ஆனால் அந்த ஆற்றில் எந்தப் பாறைக்குப் பின்னால் மடு இருக்கிறது, எந்தக் காய் விழும் காலத்தில் மீன் மேலே வரும் என்பதெல்லாம் படகோட்டிகளுக்கும், அந்தக் காட்டிலேயே வாழ்கிற பாத்தேக் பழங்குடி மக்களுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். தெரிந்தும் அவர்கள் ஆற்றைக் காலி பண்ணவில்லை. வேண்டியதை மட்டும் எடுத்தார்கள்.

வேட்டைக்காரர் காவலரானார்

கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் மஸ்ஜிட் ஜாமேக்கையும் பார்க்காத பேர் நம்மில் கொஞ்சந்தான். அவற்றை வரைந்த கட்டடக் கலைஞர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். அவருடைய உடன்பிறப்பு தியடோர் ஹப்பேக் என்பவர் வேறு வழியில் போனார். யானையும் காட்டெருமையும் சுடுவதில் பேர்பெற்ற வேட்டைக்காரர் அவர். அதைப் பற்றி 1905-இல் புத்தகமே எழுதினார். பிறகு மனம் மாறியது. துப்பாக்கியை வைத்துவிட்டுக் காட்டைக் காப்பதையே தொழிலாகக் கொண்டார்.

1925-இல் குனோங் தஹான் வட்டாரம் வனவிலங்குக் காப்பிடமாக ஒதுக்கப்பட்டது. அது போதாதென்று ஹப்பேக் ஓயாமல் எழுதினார், வாதாடினார். மூன்று மாநிலச் சுல்தான்களின் ஒப்புதலோடு 1938, 1939 ஆண்டுகளில் மூன்று சட்டங்கள் வந்தன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் தேசியப் பூங்கா உண்டாயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு அதுவே தாமான் நெகாரா ஆனது. ஹப்பேக் அதை நெடுநாள் அனுபவிக்கவில்லை. 1942-இல் ஜப்பான்காரன் வந்த குழப்பத்தில் காணாமற் போனவர் போனவர்தான்.

போரும் தண்டவாளமும்

கெமாஸிலிருந்து ஜெராண்டுட் வழியாகத் தும்பாட் வரை கிழக்குக்கரை ரயில் பாதை 1931-இல் முழுமை பெற்றது. கோலா தெம்பிலிங் பக்கம் போக அதுவே வசதி. ஜப்பானியர் ஆட்சியில் மெந்தகாப்புக்கு வடக்கே பெரும்பகுதித் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். எங்கே? சயாமுக்கு! ஆயிரமாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நோயிலும் பட்டினியிலும் மடிந்த அந்த மரண ரயில் பாதைக்குத்தான். நம் சொந்தங்களும் போனார்கள், தஹான் காட்டுக்குப் போகும் தண்டவாளமும் போனது. நம் குடும்பங்களின் துயரமும் இந்தக் காட்டின் கதையும் சந்திக்கும் இடம் அது.

போர் முடிந்து பாதையைத் திரும்பப் போட்டு முடிக்கவே பல ஆண்டுகள் ஆயின. இடையில் 1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டுக்குள் போவதே ஆபத்து. அந்த ஆண்டுகளில் மடுக்களைக் காத்தது சட்டம் மட்டுமல்ல. தூரமும் பயமும் காத்தன.

அமைதி திரும்பியது. படகுக்கு இயந்திரம் வந்தது. பின்னர் ஜெராண்டுட்டிலிருந்து கோலா தஹான் வரைக்கும் தார்ச்சாலையே வந்துவிட்டது. மூன்று நாள் பாடு மூன்று மணி நேரமாகச் சுருங்கினால் என்ன ஆகும்? நாட்டில் காட்டாறுகள் உள்ள இடமெல்லாம் தூண்டில்காரர்கள் வந்தார்கள். வலை வந்தது, துபா வேரின் நஞ்சு வந்தது, வெடியும் வந்தது. காட்டுக் கெலா கிலோ நூற்றுக்கணக்கான வெள்ளிக்கு விலைபோகத் தொடங்கியதும் ஆசை இன்னும் கூடியது. மெதுவாக வளரும் மீன் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்குமா?

அணை வந்திருந்தால்...

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் வந்தது. தெம்பிலிங் ஆற்றின் குறுக்கே மின்சார அணை கட்டும் திட்டம் 1970களில் எழுந்தது. கட்டியிருந்தால் தாமான் நெகாராவின் தாழ்நிலக் காடுகளில் ஒரு பகுதி மூழ்கியிருக்கும். மலாயா இயற்கைச் சங்கமும் மற்ற பொது இயக்கங்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. மக்கள் பேசினார்கள், பத்திரிகைகள் எழுதின. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது.

பக்கத்துத் திரங்கானுவில் கதை வேறு. 1985-இல் கென்யிர் அணை முடிந்தது. மின்சாரம் கிடைத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் பள்ளத்தாக்குகள் ஏரியாயின. மலையுச்சிகள் தீவுகளாயின. மரங்கள் நின்றபடியே தண்ணீருக்குள் செத்தன. ஓடுகிற நீர் வேண்டிய கெலா, ஏரியில் வந்து விழும் ஆறுகளின் மேல்பகுதிக்கு ஒதுங்கியது. அப்படிப்பட்ட பெத்தாங் ஆற்றில் இன்று கெலாவுக்கென்றே காப்பிடம் உண்டு. தஹான் ஆற்றிலும் லுபுக் தெனோர் என்னும் மடுவில் தூண்டில் போடக் கூடாது. பிள்ளைகள் கரையில் நின்று இரை போட்டால் மீன்கள் காலடியில் வந்து மொய்க்கின்றன. ஒரு காலத்தில் ரகசியமாக இருந்த மடு இன்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் மீன் இருக்கிறது! இதுதான் அதிசயம்.

பிற இடங்களில்

சபா மாநிலத்துக் கடசான்டூசுன் மக்களிடம் ‘தாகால்’ என்றொரு வழக்கம். ஊரே கூடி ஆற்றில் ஒரு பகுதியில் மீன்பிடிக்கத் தடை போடும். சிவப்பு வட்டாரத்தில் கைவைக்கக் கூடாது, மற்ற வட்டாரங்களில் ஊர் சொல்லும் நாளில் பிடிக்கலாம். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அரசாங்க பலமும் கொடுத்தது.

கனடாவில் அல்கோன்குயின் பூங்கா 1893-இல் அமைந்தது. குளிர்ந்த ஓடைகளிலும் ஏரிகளிலும் வாழும் புரூக் டிரௌட் என்னும் புள்ளிமீனைத் தேடி அங்கே சிறு படகில் போவார்கள். ஓர் ஏரி முடிந்தால் படகைத் தலைக்குமேல் கவிழ்த்துத் தோளில் சுமந்து காட்டுவழி நடந்து அடுத்த ஏரியில் இறங்குவார்கள். எவ்வளவு சுமக்கிறாயோ அவ்வளவு ஒதுக்கமான இடம் கிடைக்கும். அங்கேயும் கட்டுப்பாடு உண்டு. உயிருள்ள சிறுமீனை இரையாகக் கொண்டுபோகக் கூடாது. தப்பிப் பெருகிவிட்டால் அந்த நீரின் சொந்த மீன் அழிந்துவிடும் அல்லவா?

தாயகத்தில் துங்கா நதிக்கரைச் சிருங்கேரியில் கோயில் படித்துறை மீன்களை யாரும் தொடமாட்டார்கள். அங்கே பக்தி காவல் செய்கிறது. காவிரிப் பக்கமோ பரிதாபம். 1946-இல் அதன் துணையாறான கபினியில் 120 பவுண்டு எடையுள்ள பூமீன் வகை ஒன்று பிடிபட்டது. அத்தகைய மீன் இனம் அணைகளாலும் வெடிகளாலும் குறைந்து, 2018-இல் உலகில் அழியும் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில் ஏறிவிட்டது.

நாம் கற்க வேண்டியது

ஆக, மடுவைக் காத்தது யார்? முதலில் அதை அறிந்தும் அளவாக எடுத்த காட்டு மக்கள். பிறகு தூரம். பிறகு சட்டம். இன்றைக்குத் தூரம் என்று ஒன்று இல்லை. நம் கிள்ளானிலிருந்து காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் தஹான் கரையில் நிற்கலாம். சட்டமும் இராப்பகலாக எல்லா மடுவிலும் நிற்க முடியாது. இனி மனிதன் மனந்தான் காவல்.

இதை நம் வட்டாரத்திலேயே தொடங்கலாம். கிள்ளான் ஆற்றின் நிறத்தைத் தினமும் பார்க்கிறோம். அந்த ஆறும் மலையில் தெளிவாகத்தான் புறப்படுகிறது. வழியில் இருக்கும் நாம்தான் அதை இப்படி ஆக்கியிருக்கிறோம். வாய்க்காலில் மருந்து டின்னைக் கழுவாமலிருப்பது, குப்பையை ஆற்றில் கொட்டாமலிருப்பது, குஞ்சு மீன் மாட்டினால் திரும்ப விட்டுவிடுவது இவையெல்லாம் காசு செலவில்லாத காரியங்கள். பெற்றோர் செய்தால் பிள்ளைகள் தாமாகச் செய்வார்கள்.

பரிசு வாங்கும் மாணவச் செல்வங்களே! நாளை உங்களில் ஒருவர் வன அதிகாரியாகலாம், பொறியியலாளராகலாம், அணை கட்டும் திட்டத்தில் கையெழுத்துப் போடுபவராகவும் ஆகலாம். அன்றைக்கு அந்த ஆற்றின் மடுவில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை கேளுங்கள், கரையில் வாழும் ஏழை மனிதனிடமும் கேளுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். ஆற்றிலிருந்து எடுக்கும்போதும் அளந்தே எடுப்போம்.