காடையும் கிளிஞ்சலும்

காட்டுப்பாக்கம் என்றதும் பூந்தமல்லிப் பக்கத்து ஊர்தான் நினைவுக்கு வரும். பொத்தேரி அருகே இன்னொரு காட்டுப்பாக்கமும் உண்டு. கால்நடைத் தீவனத்தையும் தாது உப்பையும் ஆராயும் அரசு நிறுவனம் இருப்பது அங்கேதான்.

பண்ணைக் காடை நம் காட்டுக் காடை அல்ல. 1974-ல் கலிபோர்னியாவிலிருந்து இந்தியா வந்த ஜப்பானியக் காடை. பின்னர் சென்னை நந்தனத்தில் 'நந்தனம் காடை' உருவானது.

காட்டில் பருவத்துக்கு ஒருமுறை முட்டையிட்ட பறவை இது. பண்ணையிலோ ஆறேழு வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய தினமும் இடுகிறது. 10 கிராம் முட்டையின் ஓட்டுக்கு மட்டும் சுமார் 0.3 கிராம் கால்சியம் வேண்டும். தீவனத்தில் குறைந்தால் தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டும், கால் பலமிழக்கும். அதனால்தான் தானியத்தோடு கிளிஞ்சல் தூளும் தாது உப்புக் கலவையும் சேர்க்கிறார்கள்.

முட்டையைப் பெருக்கியவன் மனிதன். அதற்கான சுண்ணாம்பையும் அவன்தானே தர வேண்டும்?