எல்லைப்புறத் தமிழும் கணினி வித்தையும்

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் உதயமானபோது, செங்கோட்டையின் பெரும்பகுதி சென்னை ராஜ்யத்தோடு சேர, தமிழ் மக்கள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நிலைத்தன. பழைய கொச்சி ராஜ்யத்தின் சித்தூர்த் தாலுகாவும் அவ்விதமே பாலக்காட்டோடு இணைந்து கேரளத்தின் கிழக்கு வாயிலாயிற்று. அன்று முதல் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு முதலிய ஊர்களின் பிள்ளைகள், வீட்டிலே தமிழும் வீதியிலே மலையாளமுமாக வளர்ந்து, பள்ளியில் தமிழ்வழிக் கல்வி பெற்று வருகிறார்கள். 1969இல் இயற்றப்பட்ட கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசாங்கத்தோடு தத்தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்று உரிமை வழங்கியது. இந்தப் பிரதேசத்துப் பள்ளிகளுக்குக் கணினி வித்தை வந்த வரலாறும், அந்த வித்தையில் செயற்கை நுண்ணறிவு இப்போது வந்து இணைகிற வரலாறும் ஒரே பாதையில் செல்வன என்பது என் அபிப்பிராயம்.

கேரள அரசு 2001-02ஆம் கல்வியாண்டில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதே 2001 ஜூலையில்தான் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தோற்றுவித்த ரிச்சர்டு ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் பள்ளிகளில் தனியார் நிறுவனத்தின் மென்பொருளே பாடமாக இருந்ததை ஆசிரியர் இயக்கங்கள் எதிர்த்து வாதாடின. அந்த வாதத்தின் பயனாக, அந்தத் தசாப்தம் முடிவதற்குள்ளாகவே பள்ளிக் கணினிகள் குனு/லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. உரிமக் கட்டணம் மிச்சமாயிற்று என்பது இந்த மாற்றத்தின் சிறு லாபம். மூல நிரலைத் திருத்தும் உரிமை பொதுவாகிவிட்டபடியால், தமிழிலோ கன்னடத்திலோ திரையை அமைப்பதற்கு எந்த ஸ்தாபனத்தின் அனுமதியையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே பெரிய லாபம். சிறுபான்மை மொழி பேசுவோருக்கு இதைவிட மேலான சலுகை வேறில்லை. 2017இல் அத்திட்டம் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது.

இனி, நிரல் எழுதும் சூழலின் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம். ஆதியில் நிரலை ஒரு கருவியில் எழுதி, அதை இன்னொரு கருவியால் இயந்திர மொழியாக்கி, பிழை கண்டால் திரும்பவும் முதற்கருவிக்கே செல்ல வேண்டியிருந்தது. 1983இல் வெளிவந்த டர்போ பாஸ்கல், எழுதுவதையும் மொழிமாற்றுவதையும் ஒரே திரையில் சேர்த்து, ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழலை எளியவர்க்கும் உரியதாக்கிற்று. ஆனால் நிரல் எழுத உதவும் எடிட்டர்களும் பெருகி, நிரல் மொழிகளும் பெருகியபோது, ஒவ்வோர் எடிட்டரிலும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி இணைப்பு எழுத நேர்ந்தது: பத்து எடிட்டரும் இருபது மொழியும் இருந்தால் இருநூறு இணைப்புகள்!

இந்தச் சங்கடத்தைப் பாலக்காட்டார் வேறொரு ரூபத்தில் நன்கு அறிவார்கள். சென்னையிலிருந்து மலபார்க் கரைக்குச் சென்ற ரயில் பாதை அகலப்பாதை. 1932இல் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு வந்ததோ மீட்டர்கேஜ் பாதை. ஒரு பாதையில் வந்த சரக்கு வண்டி மறு பாதையில் ஓட முடியாதாகையால், தண்டவாளங்கள் சந்திக்கும் இடத்திலே மூட்டைகள் கைமாற வேண்டியிருந்தது. 2015இல் பொள்ளாச்சிப் பாதையும் அகலப்பாதையான பின்னரே வண்டிகள் தங்குதடையின்றி ஓடலாயின.

மென்பொருள் உலகில் அத்தகைய பொது அளவு 2016இல் வந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம், ரெட் ஹாட், கோடென்வி ஆகியவற்றோடு சேர்ந்து அறிவித்த மொழிச் சேவையக நெறிமுறையின்படி, நிரல் மொழி ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சேவையகம் எழுதினால் போதும், நெறிமுறை அறிந்த எல்லா எடிட்டர்களும் அதனோடு பேசும். மொழிக்கு ஒன்றாக இருபதும் எடிட்டருக்கு ஒன்றாகப் பத்துமாக, இருநூறு இணைப்புகள் முப்பதாகச் சுருங்கின.

அடுத்துச் செயற்கை நுண்ணறிவின் முறை வந்தது. 2021இல் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வெளிவந்து, எழுதுகிற வரியை முடித்துக் கொடுக்கும் உதவியாளனாக எடிட்டருக்குள் புகுந்தது. 2022 நவம்பரில் உரையாடும் இயந்திரமான சாட்ஜிபிடி வந்தது. ஆயினும் அந்த இயந்திரத்துக்கு நம் கோப்புகள் தெரியா. பிழைச் செய்தியை இங்கிருந்து எடுத்து அங்கே ஒட்டி, விடையை அங்கிருந்து எடுத்து இங்கே ஒட்ட வேண்டியிருந்தது. பழைய இருநூறு இணைப்புத் தொல்லையும் திரும்பி வந்தது. ஏனெனில், உதவியாளர் ஒவ்வொருவரையும் கருவி ஒவ்வொன்றோடும் தனித்தனியே பிணைக்க வேண்டும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’, முந்தைய மொழிச் சேவையக நெறிமுறையின் அடியொற்றி, ஜேசன் என்னும் உரை வடிவச் செய்திகளால் இவ்விணைப்பைப் பொதுவாக்கிற்று.

அது நிகழும் விதத்தைக் கொஞ்சம் அருகிருந்து பார்க்கலாம். பைதான் மொழியில் எழுதிய நிரலில் ஒரு வரியின் உள்தள்ளல் பிசகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாணவன் கேட்கிறான், உதவியாளன் என்னென்ன கருவிகள் உண்டு என்று அவற்றை வழங்கும் சேவையகத்தை வினவி, கோப்பைப் படிக்கும் கருவியைத் தேர்ந்து, பிழை நேர்ந்த வரியைக் கண்டு, திருத்தத்தை முன்மொழிகிறான். நன்கு அமைந்த எடிட்டர், கோப்பை மாற்றுமுன் மாணவனிடம் சம்மதம் கேட்கும். அந்தச் சம்மதத்தின் பொருளை உணர்ந்து கொடுப்பதே முக்கியம். அறியாத ஒருவர் எழுதிய சேவையகத்தை இணைத்துவிட்டால், அது தரும் உரையிலேயே தீய ஆணைகள் மறைந்து வந்து உதவியாளனைத் திசைதிருப்பக் கூடும்.

மீண்டும் பள்ளிக்கு வருவோம். 2024இல் கேரளத்தின் ஏழாம் வகுப்பு ஐ.சி.டி. பாடநூலில் செயற்கை நுண்ணறிவு இடம்பெற்றது. மனித முகத்தில் தோன்றும் ஏழு வகை உணர்ச்சிகளைக் கணினி கண்டறியும் நிரலை மாணவர் தாமே அமைக்கும் பயிற்சி அதில் உண்டு. அந்நூல் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளிலும் அச்சாயிற்று. மறையூரில் படிக்கும் தமிழ்க் குழந்தைக்கும் திருவனந்தபுரத்துக் குழந்தைக்கும் ஒரே ஆண்டில் ஒரே வித்தை கிட்டியது அற்பமான காரியமன்று.

ஆயினும் பாடநூலைக் கடந்து நிரலாக்கச் சூழலுக்குள் வரும்போது தமிழ் மெலிந்துவிடுகிறது. பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில், விளக்கங்கள் ஆங்கிலத்தில். யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்க, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்கிறது. மொழி மாதிரிகள் உரையைத் துண்டாக்கும்போதும் தமிழ் வாக்கியம் பெரும்பாலும் அதிகத் துண்டுகளாகச் சிதறுவதால், அதே கேள்வியைத் தமிழில் கேட்பவர்க்குச் செலவு மிகுகிறது.

இக்குறையைத் தீர்க்கும் பொறுப்பை அயலாரிடம் விட்டுவிட வேண்டியதில்லை. இணைப்பு நெறிமுறை பொதுவானது; ஆகையால் பைதானின் பிழைச் செய்திகளைத் தமிழில் விளக்கும் ஒரு சிறு சேவையகத்தை, சித்தூரில் நிரல் கற்ற ஆசிரியர் ஒருவரே எழுதி, தமிழகத்துப் பள்ளிகளும் பயன்படுத்துமாறு வெளியிடலாம். முன்பு மூல நிரலுக்காக வாதாடிப் பெற்ற சுதந்திரம் இன்று இணைப்பின் சுதந்திரமாக விரிந்திருக்கிறது. பாடநூலை நான்கு மொழிகளில் அச்சிட்ட அரசு, எடிட்டருக்குள் வந்து அமரும் உதவியாளனும் அந்நான்கு மொழிகளிலும் பேச வேண்டும் என்று வலியுறுத்துவதே அதன் அடுத்த கடமையாகும்.