தொல்லேரியியல்

தொல்லேரியியல் என்பது ஏரி, சதுப்பு ஆகியவற்றின் அடியில் படிந்த வண்டலைக் கொண்டு பழங்காலச் சூழலை அறியும் துறை ஆகும். கீழடுக்கு பழையது, மேலடுக்கு புதியது.

முறை

குழாயைச் செலுத்தி வண்டல் தூண் எடுக்கப்படுகிறது. அடுக்குகளின் வயது கதிரியக்கக் கார்பன் முறையில் கணிக்கப்படுகிறது. டயாட்டம் எனப்படும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் நெடுங்காலம் அழியாதவை. ஒவ்வோர் இனமும் குறிப்பிட்ட உப்புத்தன்மை, அமிலத்தன்மை கொண்ட நீரில் செழிப்பதால், ஓடுகளின் வகையிலிருந்து அன்றைய நீரின் இயல்பை உய்த்துணரலாம். மகரந்தத் தூள் சுற்றுப்புறத் தாவரங்களைக் காட்டும்.

தமிழக மலைகளில்

தேனி மாவட்டம் வடுகபட்டிக்கு வடக்கே உயரும் பழனி மலையிலுள்ள கொடைக்கானல் ஏரி, 1863 இல் உருவாக்கப்பட்ட செயற்கை ஏரியாகும். எனவே ஏரியில் படிந்த சேறு அவ்வாண்டிற்கு முந்தைய காலத்தைக் கூறாது. தமிழக மலைகளின் தொன்மையான பதிவுகள் இயற்கைச் சதுப்புகளில் உள்ளன.

நீலகிரிச் சதுப்புகளில் முழுதும் மட்காது சேர்ந்த தாவரப் படிவை இராமன் சுகுமார் உள்ளிட்டோர் ஆய்ந்து 1993 இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். இங்குக் கைகொடுத்தது டயாட்டம் அன்று, கார்பன் ஓரிடத்தான். வெப்பமண்டலப் புற்கள் பலவற்றில் கார்பன்-13 இன் விகிதம் மரங்களில் உள்ளதைவிட மிகுதி. கடைசிப் பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன், வறட்சியால் அத்தகைய புற்கள் மிகுந்திருந்தன; பின்னர்ப் பருவமழை வலுத்தது.

முக்கியத்துவம்

மலைப் புல்வெளிகள் மனிதர் சோலைக்காட்டை அழித்ததால் தோன்றியவை என்ற கருத்து நிலவியது. அவற்றைத் தரிசாகக் கருதிச் சீகை, தைல மரங்கள் நடப்பட்டன. புல்வெளிகள் மிகப் பழமையானவை என்பதைச் சதுப்பின் படிவுகள் காட்டுகின்றன. ஆகவே சதுப்பை வடிப்பதும் தோண்டுவதும் மீளப்பெற இயலாத ஆவணத்தை அழிப்பதாகும்.