ஒரு கேள்வி பிறந்த கதை

1800-களின் தொடக்கத்தில் தொண்டைமண்டலத்துக் கிராமங்களுக்குப் புது மாதிரியான ஆட்கள் வந்து போனார்கள். வரி கேட்கவில்லை, நிலம் அளக்கவில்லை. ஊரில் வயதில் மூத்தவர் யார், கோயில் குருக்கள் யார், பழைய ஓலைகள் யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்று விசாரித்தார்கள். பிறகு பெரியவர் எதிரே உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். கும்பெனி ஆட்கள் என்று தெரிந்ததும் பல இடங்களில் பேச்சு நின்றது. பழைய கதையைக் கேட்டுவிட்டு மானிய நிலத்தில் கை வைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தில் தப்பே இல்லை. ஆட்களை அனுப்பியவர் ஒரு ராணுவ அதிகாரி.

காலின் மெக்கன்சி, ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்காரர். 1783-ல் சென்னைக்கு வந்தபோது அவர் மனத்தில் இருந்தது கணக்கு. லாகரிதத்தைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் வரலாற்றை அந்த வம்சத்துப் பிரபு ஒருவர் எழுத முனைந்திருந்தார். அதற்காக இந்தியக் கணிதம் பற்றித் தகவல் திரட்டும் வேலையில் மெக்கன்சிக்கும் பங்கு இருந்தது. மதுரையில் பண்டிதர்களோடு பழகியதும் ஆர்வம் கணக்கைத் தாண்டி ஓடியது. ஆனால் அவருக்கு உள்ளூர் மொழிகள் வராது. ஒரு கிராமத்துப் பெரியவரிடம் நேராக ஒரு வார்த்தை பேச முடியாத மனிதர், ஊர் ஊராகக் கதை சேகரிப்பது எப்படி?

கவலி வெங்கட போரய்யா என்ற தெலுங்கு இளைஞர் அந்தக் கதவைத் திறந்தார். மொழிகள் தெரிந்தவர், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்றும் தெரிந்தவர். 1803-ல் அவர் இளம் வயதிலேயே இறந்துபோக, தம்பி லட்சுமய்யா பொறுப்பை ஏற்றார். ஆட்கள் நாலாபக்கமும் போனார்கள். தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களையும் கோட்டை கட்டி ஆண்ட குறும்பர்கள், அவர்களுக்குத் தலைமையிடமாக இருந்த புழல், அதை வீழ்த்திய ஆதொண்டன் ஆகிய கதைகளெல்லாம் இப்படித்தான் காகிதத்துக்கு வந்தன. அந்த 24-ல் ஒன்று புலியூர்க் கோட்டம். செம்பரம்பாக்கம் ஏரியும் கரையோர ஊர்களும் அதில்தான் இருந்தன. மெக்கன்சி 1821-ல் கல்கத்தாவில் இறந்தபோது சுவடிகள் மட்டும் 1,568, கல்வெட்டுப் படிகள் 8,076. கும்பெனி அவர் மனைவிக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. ஆனால் அத்தனை காகிதத்திலும் ஒன்று விடுபட்டிருந்தது.

ராஜாக்கள் இருந்தார்கள், கோயில்கள் இருந்தன, ஏரி வெட்டியவர்கள் இருந்தார்கள். அந்தக் கதைகளைச் சொன்ன பெரியவர் எந்த ஊரில் பெண் எடுத்தார், எந்தப் பஞ்சத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வேலையைத் தொடர லட்சுமய்யா மன்றாடினார். இந்தியர் ஒருவரை நம்பி அந்தப் பொறுப்பைத் தர முடியாது என்று 1830-களில் கல்கத்தா அறிஞர்கள் முடிவெடுத்தார்கள். அந்தக் காலத்தின் மிகப் பெரிய அநியாயங்களில் ஒன்றாகவே இதைச் சொல்வேன். கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கத் தெரிந்த ஒரு கூட்டமே கலைந்துபோனது. அதன் பிறகு முதியவர்களைத் தேடி வந்தவர், கண் பார்வையைச் சோதிக்கிற ஒரு டாக்டர்.

1898-ல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடையிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஆய்வுக் குழு ஒன்று போனது. அதில் இருந்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸின் வேலை, தீவு மக்களின் பார்வையையும் பிற புலன்களையும் சோதிப்பது. இந்தத் திறன்கள் பரம்பரையாக வருகின்றனவா என்று அறிய, யாருக்கு யார் என்ன உறவு என்று தெரிய வேண்டியிருந்தது. முதியவர்களை உட்காரவைத்து அப்பா, அம்மா, பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டே போனார். பல தலைமுறைப் பெயர்கள் தடுக்காமல் வந்து விழுந்தன. கண் சோதனை பின்னுக்குப் போய், வம்சாவளியைக் கேட்டு எழுதுவதே ஓர் ஆய்வு முறையாகிவிட்டது. அந்த முறையோடு 1901-ல் அவர் வந்து சேர்ந்த இடம் நீலகிரி.

அங்கே வாழும் தோடர் பழங்குடியினரிடம் அது எளிதாக நடக்கவில்லை. இறந்த உறவினரின் பெயரை உச்சரிப்பது அவர்களிடையே விலக்கு. செத்தவர் பெயரைச் சொல்லாமல் வம்சாவளி ஏது? ஒரு குடும்பத்தின் பெயர்களை வேறொருவரிடம் கேட்டு ரிவர்ஸ் சமாளித்தார். அடுத்த தடை அப்படிச் சமாளிக்கக் கூடியதாக இல்லை. புனிதச் சடங்குகளை அவருக்குச் சொன்னவர்களின் குடும்பங்களில் அடுத்தடுத்து நோயும் சாவும் வந்தன. இரகசியத்தை வெளியே விட்டதால் வந்த தெய்வக் கோபம் என்று குறி சொன்னார்கள். ஒருவர் பின் ஒருவராக வாய் மூடிக்கொண்டார்கள். 1906-ல் வெளிவந்த அவரது புத்தகத்தில் தோடர் வம்சாவளிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அப்போதும் கேட்கப்பட்டது உறவுமுறைதான், வாழ்க்கை அல்ல. அதோடு, பேச்சின் வேகத்துக்குப் பேனா ஈடுகொடுக்கவும் இல்லை. அதற்கான விடை, ரிவர்ஸ் தீவுகளுக்குப் போன அதே 1898-ல் டென்மார்க்கில் தயாராகிவிட்டிருந்தது.

வால்டெமர் பவுல்சன் என்ற பொறியாளர் எஃகுக் கம்பியில் குரலைக் காந்தமாகப் பதியும் கருவியைச் செய்திருந்தார். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்க்க ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் வந்தார். வயது எழுபதை ஒட்டியது. காந்தப் பதிவில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய குரல் அந்த முதியவருடையதுதான். கருவி சுவாரசியமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். வாழ்க்கையைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கருவியை விற்கக் கிளம்பிய அமெரிக்கக் கம்பெனி நொடித்தது. அந்தக் கம்பி அத்தோடு செத்துப்போயிருக்க வேண்டியது. காப்பாற்றியது, ஒரு பையனின் பாட்டு ஆசை.

சிகாகோவில் மார்வின் காம்ராஸ் என்ற மாணவருக்கு ஓபரா பாடகராகும் கனவோடு ஓர் உறவுக்காரப் பையன் இருந்தான். அவன் பாடுவதைப் பதிந்து திருப்பிக் கேட்பதற்காக 1930-களில் காம்ராஸ் ஒரு வயர் ரெக்கார்டரைக் கட்டினார். பாட்டு என்ன ஆனதோ, கருவி ராணுவத்துக்குப் போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அதே நகரத்து உளவியல் பேராசிரியர் ஒருவர் அதைக் கேட்டு வந்து நின்றார்.

டேவிட் போடர் லாட்வியாவில் பிறந்த யூதர். நாஜி வதை முகாம்களிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களின் பேச்சை, அவர்கள் மொழியிலேயே, அவர்கள் குரலிலேயே பதிய வேண்டும் என்று 1945-லேயே திட்டம் எழுதினார். பணம் திரட்டவே ஓராண்டுக்கு மேலானது. 1946 கோடையில் கனத்த பெட்டியும் 200 கம்பிச் சுருள்களுமாகப் பாரிஸ் போய் இறங்கினார். அகதி முகாம்களில் முதலில் எல்லாரையும் பாடச் சொல்வார். பதிந்ததைப் போட்டுக் காட்டுவார். தங்கள் குரலைப் பெட்டிக்குள்ளிருந்து கேட்டவர்கள் மலைத்துப்போவார்கள். அதன் பிறகு ஒருவரைத் தனியே உட்காரவைத்து, தன் முகக்குறி அவர் பேச்சைத் திருப்பிவிடக் கூடாதென்று பின்பக்கமாக உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு சுருளின் தொடக்கத்திலும் இடத்தையும் தேதியையும் தானே சொல்லிப் பதிவார். பிறகு கேள்வி: உங்கள் பெயர் என்ன, எங்கே பிறந்தீர்கள், போர் தொடங்கியபோது எங்கே இருந்தீர்கள், அப்புறம் என்ன நடந்தது?

மெக்கன்சியின் ஆட்களோ ரிவர்ஸோ கேட்காத கேள்வி அது. எந்தப் பதவியும் புகழும் இல்லாத ஒருவரிடம், அவருடைய சொந்த வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து சொல்லச் சொல்லும் கேள்வி. ஒன்பது மொழிகளில் 100 பேருக்கு மேல் பேசினார்கள்; பலர் இளைஞர்கள், ஆனாலும் ஓர் ஆயுளின் துன்பத்தைச் சொன்னார்கள். 1949-ல் எட்டுப் பேட்டிகளைப் புத்தகமாக்கினார். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. மேலும் பலவற்றைத் தட்டச்சு செய்து தானே நூலகங்களுக்கு அனுப்பிவைத்தார். 1961-ல் அவர் இறந்தபோது அந்தக் குரல்கள் பெட்டிகளில் கிடந்தன. முகாமில் பதிந்த பாட்டுச் சுருள் ஒன்று தப்பான தலைப்போடு கிடந்து, அண்மைக் காலத்தில்தான் அமெரிக்காவின் ஏக்ரன் பல்கலைக்கழகத்தில் கண்டெடுக்கப்பட்டது. போடரின் புத்தகம் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டிலேயே, நியூயார்க்கில் இந்த வேலைக்கு ஒரு நிரந்தர அலுவலகமே திறந்துவிட்டது.

திறந்தவர் கொலம்பியா பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ். டெலிபோன் வந்தபின் பெரிய மனிதர்கள் கடிதம் எழுதுவதில்லை, நாட்குறிப்பு வைப்பதில்லை, நாளைய வரலாற்றுக்கு ஆதாரம் எங்கிருந்து வரும் என்பது அவர் கவலை. 1948-ல் முதல் பேட்டி நடந்தபோது ரெக்கார்டர்கூட இல்லை. ஒரு மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து கையால் எழுதினார். கருவி வந்த பிறகும் எழுத்தாக்கி முடித்ததும் நாடாவை அழித்து அடுத்தவருக்குப் பயன்படுத்தினார்கள். நாடா விலை அப்படி. அங்கே உட்கார்ந்தவர்கள் நீதிபதிகள், அமைச்சர்கள், முதலாளிகள். தில்லி நேரு நினைவு நூலகம் 1960-களில் தொடங்கிய பேட்டிகளிலும் தலைவர்களே நிறைந்திருந்தார்கள். குடிசை வாசலுக்கு இந்தக் கேள்வி வர வேண்டுமானால் கருவி சட்டைப் பைக்குள் நுழைய வேண்டியிருந்தது.

நெதர்லாந்துக்காரரான லோ ஆட்டன்ஸ் அதற்கு ஒரு மரக்கட்டையை வெட்டினார். தன் கோட்டுப் பையில் போகிற அளவுக்கு வெட்டி, ரெக்கார்டர் இதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று பிலிப்ஸ் குழுவிடம் காட்டினார். 1963-ல் கேசட் வெளிவந்தது. வரலாற்றுப் புகழ் பெற்றிருக்க வேண்டிய அந்தக் கட்டை, ஒருநாள் கார் டயர் மாற்றும்போது ஜாக்கிக்கு முட்டாகப் போய்த் தொலைந்தது. கேசட்டோ உலகம் சுற்றி, 1980-களில் புதுச்சேரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தது.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இசை ஆய்வாளர் ஜோசியான் ரசீன் அங்கே தேடிப் போனது பாட்டை. தாலாட்டும் ஒப்பாரியும் நன்றாகப் பாடுபவர் என்று வீரம்மாவிடம் வந்து சேர்ந்தார். வீரம்மா சேரியைச் சேர்ந்தவர்; கூலி வேலை பார்த்தவர்; ஊருக்குப் பிரசவம் பார்த்தவர். பன்னிரண்டு பிள்ளைகள் பெற்று, மூன்றை மட்டும் காப்பாற்ற முடிந்தவர். ஒப்பாரியைப் பாடிவிட்டு, அது யாருக்காகப் பாடியது என்று சொல்லாமல் எப்படி நிறுத்துவது? பாட்டுக்கு நடுவே பேச்சு வந்தது. கல்யாணம், பசி, ரெட்டியார் வீட்டு வேலை, பேய், சாமி, கேலி, சிரிப்பு எல்லாம் வந்தன. பாட்டுப் பதிவு வாழ்க்கைப் பதிவாகி, பத்தாண்டுகளுக்கு நீண்டது. ஜோசியானும் கணவர் ழான்-லுக் ரசீனும் அதைத் தொகுத்தார்கள். 1990-களின் நடுவில் பிரெஞ்சிலும் 1997-ல் ஆங்கிலத்திலும் அது புத்தகமாக வந்தது. மெக்கன்சியின் காகிதங்களில் விடுபட்டுப்போன அந்த ஆள், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தமிழ்க் கிழவி, அட்டையில் தன் பெயரோடு வந்துவிட்டார்.

இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூட வேலைக்காகச் செல்போனைப் பாட்டி முன்னால் வைத்து, “ஆயா, நீ சின்னப் பொண்ணா இருந்தப்போ எப்படி இருந்துச்சு?” என்று கேட்கிறதே, அந்தச் சாதாரணக் கேள்விதான் இத்தனை தூரம் சுற்றி வந்தது. கணக்கு, கண் சோதனை, ஓபரா, ஒப்பாரி என்று வேறு எதையெதையோ தேடிப் போனவர்கள் வழியாகத்தான் அது உருவானது.

முன்பு சொன்ன செம்பரம்பாக்கம் ஏரிக்கரையிலும் அதைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஏரி நிரம்பினால் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட நாளை எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஆனால் ஏரித் தண்ணீர் சென்னைக்குக் குடிக்கப் போவதற்கு முன் வயலுக்குப் பாய்ந்ததைப் பார்த்தவர்கள் கரையோர ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். எந்த மதகு எந்த ஊருக்கு, முறைத் தண்ணீருக்கு யார் யார் சண்டை போட்டார்கள், நடவுக்கு என்ன கூலி, இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வருவதற்கு முன் அங்கே என்ன விளைந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். போடர் செய்தது போலத் தொடக்கத்தில் இடம், தேதி, பெயரைச் சொல்லிப் பதிந்து, ஒரு பிரதியை வேறோர் இடத்தில் எடுத்து வைக்க வேண்டும். அதற்கு ஒரு செல்போனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் போதும். இந்த மழைக்காலத்துக்கு முன்பே அந்தப் பகுதிப் பள்ளிகளும் நூலகங்களும் இதைத் தொடங்க வேண்டும்.