ஏழு சென்டிமீட்டர் ஜன்னலும் ராமநகரத்துப் பாறையும்

பட்டுக்கூடு மூட்டைகளோடு மாமா கர்நாடகத்து ராமநகரச் சந்தைக்குக் கிளம்பினால் சிறுவயதில் நானும் தொற்றிக்கொள்வேன். சந்தையைவிட எனக்கு அந்தப் பாறைகள்தான் முக்கியம். 1975இல் வந்த 'ஷோலே'யில் கப்பர் சிங் உலவிய பாறைகள். அந்தப் படம் வேர்விட்ட இடங்களில் ஒன்று அகிரா குரோசவாவின் 'செவன் சாமுராய்'. அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு போய், அவரே 1963இல் எடுத்த கடத்தல் படமான 'ஹை அண்ட் லோ'வைப் பார்த்தேன். அதற்குப் பிறகு 'ஷோலே'யும் இந்தப் படமும் எனக்குள் அருகருகே உட்கார்ந்துவிட்டன. ஒன்று தான் எடுக்கப்பட்ட ஊரை மறைக்கிறது. மற்றொன்று ஊரையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறது.

'ஹை அண்ட் லோ'வின் ஜப்பானியத் தலைப்புக்குச் சொர்க்கமும் நரகமும் என்று பொருள். யோகோஹாமாவில் குன்றின்மேல் செருப்புக் கம்பெனி அதிகாரியின் பங்களா. கீழே புழுங்கும் அறையிலிருந்து அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான் கடத்தல்காரன். அவன் கேட்கும் மூன்று கோடி யென் 'கொதாமா' விரைவு ரயிலில் போகிறது. குளிரூட்டிய வண்டி, ஜன்னல் எதுவும் திறக்காது. கைகழுவும் அறை ஜன்னல் மட்டும் ஏழு சென்டிமீட்டர் திறக்கும். அதனால் பணப்பையின் தடிமனையும் அவன் அந்தக் கணக்கில்தான் கேட்கிறான். சகாவா ஆற்றுப் பாலம் வரும்போது கரையில் கடத்திய சிறுவனைக் காட்டுவான். பாலம் தாண்டியதும் பையை வீச வேண்டும். ஓடும் நிஜ ரயிலில் பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்த காட்சி அது. வழியில் ஒரு வீட்டின் மாடி பார்வையை மறைத்ததால் அதைக் கழற்றிவிட்டு எடுத்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள்.

அந்த ஏழு சென்டிமீட்டர் என்னை விடவே இல்லை. எங்கள் ஊர் சாமல்பட்டியிலிருந்து சேலம் போகும் பாசஞ்சரில் கழிப்பறை ஜன்னலின் கண்ணாடித் தகட்டைத் தள்ளிக் கையை நுழைத்துப் பார்த்தேன். மணிக்கட்டில் துரு அப்பியது. வெளியே காற்று விரல்களைப் பின்னுக்குத் தள்ளியது. அந்த வேகத்தில் பையைக் குறிபார்த்து வீசுபவரின் பதற்றம் அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது.

'ஷோலே'யிலும் ரயில் உண்டு. ஆனால் அது பன்வேல் பக்கம் எடுத்தது. கதை நடக்கும் ராம்கட் கிராமமோ ராமநகரத்தில் போட்ட செட். ரயிலை விட்டு இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று படம் நம்பச் சொல்கிறது, நாமும் நம்புகிறோம். அந்தப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. ஊரின் பழைய ஆங்கிலப் பெயரை வைத்துப் புவியியலாளர்கள் அதைக் குளோஸ்பேட் கிரானைட் என்பார்கள். அவ்வளவு தொன்மையான நிலம் படத்தில் பெயரில்லாமல் நிற்கிறது. ஒரு கன்னடச் சொல்கூட அந்தக் கிராமத்தில் காதில் விழாது. பிரம்மாண்டத்தில் எனக்குக் குறை இல்லை; ஒளிப்பதிவாளர் திவேச்சாவின் கேமரா அந்தக் கற்களுக்குக் கொடுத்த கம்பீரம் வேறெங்கும் காணாதது. ஆனாலும் எங்கள் பக்கத்துக் கல்லை வேறு ஊர்க் கல் என்று சொல்லிவிட்டார்களே என்ற வருத்தம் தீரவில்லை. எல்லை தாண்டி எங்கள் மாவட்டத்திலும் குவாரியிலிருந்து லாரி ஏறும் கிரானைட், போய்ச் சேரும் இடத்தில் ஊர்ப்பெயரோடா அறியப்படுகிறது?

குரோசவா பக்கம் ஊர் பேசுகிறது. கடத்தல்காரனின் தொலைபேசி ஒலிப்பதிவில் பின்னால் ஒரு ரயில் சத்தம் கேட்கிறது. அதைக் கேட்ட ரயில்வேக்காரர் உடனே சொல்லிவிடுகிறார், இது எனோடென் வண்டி என்று. கடற்கரையோரம் ஓடும் அந்தச் சின்ன ரயிலின் சத்தம் அதற்கு மட்டுமே உரியது. போலீஸ் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. வேறு ஊரில் எடுத்திருந்தால் அந்தத் துப்பே கிடைத்திருக்காது.

சாமல்பட்டி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஒருநாள் நினைத்துப் பார்த்தேன். யாரோ இங்கிருந்து போன் செய்கிறார்கள். பின்னால் எது கேட்டால், இது நம்ம ஊர் என்று ஸ்டேஷன் ஆள் அடித்துச் சொல்வார்? எக்ஸ்பிரஸ் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் கடக்கும். குவாரி வெடி ஓசூர் வரைக்கும் உண்டு. மாசி, பங்குனியில் திண்ணைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளி தட்டுகிற சத்தம், அதற்கு மேல் மேட்டூர்ப் பக்கம் போகும் கூட்ஸ் வண்டியின் நீண்ட இரைச்சல். இரண்டும் சேர்ந்து கேட்டால் நானே சொல்லிவிடுவேன்.